பத்து பவுண்டு அபராதம்

1949ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு அறுவை மருத்துவருக்குப் பத்து பவுண்டு அபராதம் போட்டார்கள். பெயர் வில்சன் ஹே. மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரியில் வேலை பார்த்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். அவர் செய்த குற்றம் இதுதான்: மலையில் விழுந்து அடிபட்டவர்களின் வலியைக் குறைக்க, மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களின் கையில் மார்ஃபின் கொடுத்து வைத்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல வருடங்களாக, தன் சொந்தச் செலவில்.

தன்னார்வ மீட்புக் குழுக்களின் வரலாற்றைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி வரலாறுகளில் வழக்கமாக வீரம்தான் முன்னால் நிற்கும். புயல், கயிறு, பள்ளத்தாக்கு, கடைசி நிமிடம். ஆனால் பிரிட்டனின் மலை மீட்புக் குழுக்களின் கதையைத் தோண்டத் தோண்ட வெளியே வந்தது வேறு சாமான்கள்: ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு ஊசி மருந்து, ஒரு சட்டப் பிரிவு. வீரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இந்த மூன்றும் எல்லா ஊரிலும் இல்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

லேடோ பாறை, 1928

மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்ற இரண்டு ஆலை நகரங்களுக்கு நடுவே பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. நம்ம ஊர்க் கணக்கில் அது மலையே இல்லை. அதன் உச்சியே சுமார் 636 மீட்டர்தான். ஏலகிரியைவிடக் குட்டை. ஆனால் காற்றும் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் ஆளைக் கொல்லும் இடம்.

வாரம் முழுக்கப் பஞ்சாலைப் புகையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி இந்த மேட்டுக்கு வருவது என்பது அந்தக் காலத்துத் தொழிலாளர்களின் பழக்கம். நிலமோ பெரிய நிலக்கிழார்களுடையது, வேட்டைப் பறவைகளுக்காக வேலி போட்டது. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தடையை மீறி ஏறினார்கள். அதற்காக ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலைக்கு யார் போகலாம் என்ற சண்டை ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது. போனவர் விழுந்தால் யார் தூக்குவது என்பது இன்னொரு கேள்வி. அதை அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது 1928இல் நடந்த ஒரு விபத்து. அதே பகுதியில் உள்ள லேடோ பாறையில் ரக்சாக் கிளப் என்ற மலையேறிகள் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். மேலே இருந்து தவறி விழுந்த இன்னொருவர் இவர்மேல் மோத, இவரும் விழுந்தார். மண்டை ஓட்டில் விரிசல், தொடை எலும்பு முறிவு. கூட இருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு ஸ்ட்ரெச்சர் செய்தார்கள். வழிகாட்டிப் பலகையின் மரம்கூட அதற்குப் பயன்பட்டது என்கிறார்கள். வலிக்கு எந்த மருந்தும் கிடையாது. சேற்றிலும் கல்லிலும் பல மணி நேரம் சுமந்து சாலைக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார். காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தக் காலை எடுத்த அறுவை மருத்துவர்தான் வில்சன் ஹே. அவரும் மலையேறி, அதே ரக்சாக் கிளப் ஆள். விழுந்ததைவிட, மருந்தில்லாமல் தூக்கி வந்த விதம்தான் அந்தக் காலுக்கு அதிகக் கேடு செய்தது என்பது அவருடைய முடிவு.

இது எவ்வளவு சங்கடமான முடிவு என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தூக்கி வந்தவர்கள் அனைவரும் நண்பர்கள். உயிரைக் கொடுத்துத் தூக்கியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியே இல்லை. ஆனாலும் உண்மை அதுதான். நல்ல மனசு இருந்தது, நல்ல ஸ்ட்ரெச்சர் இல்லை.

தூக்குவது ஒரு தொழில்

தொடை எலும்பு உடம்பிலேயே பெரிய எலும்பு. அது முறிந்தால் சுற்றியுள்ள பெரிய தசைகள் இறுகி, முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற இழுக்கும். கூர்மையான முனைகள் உள்ளே சதையையும் ரத்தக் குழாயையும் கிழிக்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலேயே தொடைக்குள் ஒரு லிட்டர், அதற்கு மேலும் ரத்தம் தேங்கிவிடும். ஒவ்வொரு குலுக்கலும் இதை மறுபடி மறுபடி செய்யும். வலி கூடக் கூட அதிர்ச்சி நிலை ஆழமாகும். அந்தக் காலத்தில் பலரைக் கொன்றது முறிவு அல்ல, இந்த அதிர்ச்சிதான்.

இதற்கு ஒரு பதில் ஏற்கெனவே இருந்தது. லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்று ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தார். வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுவந்த குடும்பம் அவருடையது. நம்ம ஊரில் புத்தூர் கட்டு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. அவர் வடிவமைத்த ஒரு நீளமான இரும்புச் சிம்பு, காலை நீட்டி இழுத்துப் பிடித்து வைக்கும். எலும்பு முனைகள் விலகி நிற்பதால் கிழிசலும் வலியும் குறையும். முதல் உலகப்போரில் இதை முன்வரிசையிலேயே போட ஆரம்பித்த பிறகு, தொடை முறிந்த சிப்பாய்கள் சாவது பெருமளவு குறைந்தது.

போர்க்களத்தில் கற்ற பாடம் பத்து வருடம் கழித்து, மான்செஸ்டரிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் ஒரு பாறைக்கு வந்து சேரவில்லை. ஹேவைத் தைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

1932இல் ரக்சாக் கிளப்பும், லேக் டிஸ்ட்ரிக்டைச் சேர்ந்த ஃபெல் அண்ட் ராக் கிளப்பும் சேர்ந்து ஒரு கூட்டு ஸ்ட்ரெச்சர் கமிட்டி போட்டன. பெயரைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும், ஸ்ட்ரெச்சருக்கு ஒரு கமிட்டியா என்று. பிரிட்டனின் மலை மீட்பு அமைப்பு முழுக்க இந்தக் கமிட்டியிலிருந்துதான் வளர்ந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்த ஸ்ட்ரெச்சரை வடிவமைத்தவர் பெயரும் தாமஸ்தான். யூஸ்டஸ் தாமஸ். சிம்பு தாமஸுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் மான்செஸ்டர் பொறியாளர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் 24 மணி நேர ஓட்டச் சாதனை படைத்தவர். மலையில் தன் முட்டியால் கற்றவர் என்று சொல்லலாம். அவருடைய ஸ்ட்ரெச்சரில் இரண்டு விஷயங்கள் முக்கியம். கீழே சறுக்குக் கட்டைகள் இருந்தன, அதனால் கல்லிலும் பனியிலும் தூக்காமல் இழுத்துக்கொண்டும் போகலாம். கைப்பிடிகள் நீண்டு சுருங்கும். முன்னால் தூக்குகிறவருக்குத் தன் கால் எங்கே படுகிறது என்று தெரிய வேண்டும், அதற்காக. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரை வடிவமைத்தவர் யாரும் இதை யோசித்திருக்கத் தேவையில்லை. அங்கே தரை சமமாக இருக்கும்.

நான் ஒரு முறை முதலுதவிப் பயிற்சி ஒன்றில் நோயாளி வேஷம் போட்டேன். இரண்டு மூங்கில், ஒரு போர்வை, நாலு பேர். சமமான தார்ச்சாலையில் இருநூறு மீட்டர்கூட இருக்காது. எனக்கு எந்த அடியும் கிடையாது. ஆனாலும் ஐம்பதாவது மீட்டரில் கண்ணை மூடிக்கொண்டேன். நாலு பேரும் நாலு உயரம், நாலு நடை. ஒருத்தர் கால் வைக்கும்போது இன்னொருத்தர் தூக்குவார். வானம் இடதும் வலதுமாக ஆடும். தூக்கியவர்களுக்கோ நூறு மீட்டரில் விரல் மரத்துவிட்டது. இறக்கியதும் பயிற்சி கொடுத்தவர் கேட்டார்: “தொடை எலும்பு உடைஞ்சிருந்தா?” யாரும் பதில் சொல்லவில்லை.

மலையில் ஒரு ஸ்ட்ரெச்சரை ஒரு நேரத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேர் சுமப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஆள் மாற்ற வேண்டும். இறக்கத்தில் பின்னாலிருந்து கயிற்றில் பிடித்துக்கொள்ள வேறு ஆட்கள். ஆக, ஒரே ஒரு கால் முறிவுக்குப் பதினைந்து இருபது பேர் தேவை. சம்பளம் கொடுத்து இவ்வளவு பேரை ஒவ்வொரு மலையடிவாரத்திலும் வருடம் முழுக்க உட்கார வைக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. மலை மீட்பு பெரும்பாலும் தன்னார்வலர் வேலையாக இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மருந்துப் பெட்டி

கமிட்டியின் முயற்சியால் மலையடிவார ஓட்டல்களிலும் பண்ணை வீடுகளிலும் மீட்புப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஸ்ட்ரெச்சர், சிம்பு, போர்வை, விளக்கு. யாராவது ஓடிவந்து விபத்து என்று சொன்னால், அன்றைக்கு அங்கே யார் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அமைப்பு என்று சொன்னால் அவ்வளவுதான்.

பெட்டியில் ஒன்று மட்டும் இல்லை. மார்ஃபின்.

பிரிட்டனில் 1920இல் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தது. அபின், மார்ஃபின், கொகெய்ன் எல்லாம் அதில் அடக்கம். மருத்துவர் வைத்திருக்கலாம், கொடுக்கலாம். ஓட்டல்காரர் ஒருவர் தன் அலமாரியில் வைத்திருக்க முடியாது. மீட்புப் பெட்டிகளுக்கு விலக்கு வேண்டும் என்று ஹே உள்துறையிடம் கேட்டார். கிடைக்கவில்லை. மலையில் அடிபடுகிறவர் பக்கத்தில் பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதிக்கு அது தெரியாது.

ஹே என்ன செய்தார் என்றால், கேட்பதை நிறுத்தாமல், கொடுப்பதையும் ஆரம்பித்துவிட்டார். தன் பணத்தில் வாங்கி மீட்புப் பெட்டிகளில் வைத்தார். வருடங்கள் ஓடின, இடையில் ஒரு உலகப்போரும் முடிந்தது. கடைசியில் 1949இல் வழக்கு. பத்து பவுண்டு அபராதம், கூடவே வழக்குச் செலவு.

அந்தத் தீர்ப்பு அவரைத் தண்டித்தது, கூடவே விஷயத்தை வெளிச்சத்துக்கும் கொண்டுவந்தது. அதன் பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. அங்கீகரிக்கப்பட்ட மலை மீட்பு நிலையங்கள் மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. ஹே 1956இல் இறந்தார். இன்றும் அங்கே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், அவர்கள் பிழைப்புக்குத் தச்சரோ ஆசிரியரோ யாராக இருந்தாலும், மலைமேல் வலி மருந்து கொடுக்க முடியும்.

அந்தப் பக்கத்து நியாயம்

இந்தக் கதையை நல்லவர் ஹே, கெட்டது சட்டம் என்று முடித்துவிடலாம். படிக்கவும் சுகமாக இருக்கும். ஆனால் உள்துறைக்காரர்களின் தயக்கத்துக்கும் காரணம் இருந்தது.

முதலாவது, அந்த மருந்தே அடிமைப்படுத்தக்கூடியது. அலமாரியில் கணக்கில்லாமல் கிடந்தால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது இன்னும் கஷ்டமான விஷயம். மார்ஃபின் மூச்சைக் குறைக்கும். தலையில் அடிபட்டவருக்கு மூச்சுக் குறைந்தால் மூளைக்கு ஆபத்து. லேடோ பாறையில் விழுந்தவருக்குத் தொடை மட்டும் முறியவில்லை, மண்டை ஓடும் விரிந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த முழுப் போராட்டத்துக்கும் விதை போட்ட அந்த நோயாளிக்கே, மார்ஃபின் கொடுப்பதா வேண்டாமா என்று இன்றைய மருத்துவர் ஒரு நிமிடம் யோசிப்பார்.

மூன்றாவது, குளிர். உடம்பு குளிர்ந்து அதிர்ச்சியில் இருக்கும்போது தோலுக்கடியில் ரத்த ஓட்டம் சுருங்கிவிடும். அங்கே போட்ட ஊசி மருந்து அப்படியே தங்கிவிடும். வலி குறையவில்லையே என்று இன்னொரு ஊசி போடுவார்கள். பிறகு கீழே கொண்டுவந்து உடம்பைச் சூடாக்கியதும், மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்கும். மருந்தே ஆளைக் கொன்றுவிடும். இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவர்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். மருந்து கொடுத்தாயிற்று என்று காட்ட, காயம்பட்டவரின் நெற்றியில் ‘எம்’ என்ற எழுத்தை எழுதும் வழக்கம் போர்க்களத்தில் இருந்ததற்கு இது போன்ற ஆபத்துகள்தான் காரணம்.

அப்படியென்றால் ஹே தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ஆபத்துகள் எல்லாம் சொல்வது ‘கொடுக்காதே’ என்பதை அல்ல, ‘கற்றுக்கொண்டு கொடு’ என்பதைத்தான். யாருக்குக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு, எந்த நேரத்தில் கொடுத்தோம் என்று எழுதி வைப்பது, எல்லாமே சொல்லிக் கொடுக்கக்கூடியவை. தடை போட்டு வைத்தால் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே வராது. அனுமதி கொடுத்தால் பயிற்சி கட்டாயமாகிவிடும். 1949க்குப் பிறகு அங்கே நடந்தது அதுதான்.

கூட்டம் குழுவானது

ஓட்டலில் இருந்தவர்கள் கிளம்பிப் போவது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1946இல் லேக் டிஸ்ட்ரிக்டின் கிரேட் கேபிள் மலையில் வில்ஃப்ரிட் நாய்ஸ் என்ற மலையேறியைப் பலத்த காற்று பாறையிலிருந்து தள்ளிவிட்டது. கால் முறிவு. இரவு முழுக்க நடந்த மீட்பு. அந்த இரவில் இருந்தவர்களில் ஒருவர் ரஸ்டி வெஸ்ட்மார்லண்ட், கனடா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர், வயது அறுபது. இப்படி அந்தந்த நேரத்துக்கு ஆள் சேர்ப்பது சரிப்படாது, பழகிய குழு வேண்டும் என்று அவர் உள்ளூர் ஆட்களைத் திரட்டினார். 1947இல் கெஸ்விக் மலை மீட்புக் குழு பிறந்தது. கால் முறிந்த அந்த நாய்ஸ் 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவில் இருந்தார். சரியாகத் தூக்கி வரப்பட்ட கால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் வேல்ஸ் மலைகளில் பயிற்சி விமானங்கள் அடிக்கடி மோதி விழுந்தன. லாண்ட்வ்ராக் என்ற விமானப்படைத் தளத்தின் மருத்துவ அதிகாரி ஜார்ஜ் கிரகாம் அங்கே ஒரு குழுவைத் திரட்டினார். விமானப்படையின் மலை மீட்புப் பிரிவு அப்படித் தொடங்கியது. ஆனால் ஊர்க்காரர்களின் குழுக்கள் தனியாகவே வளர்ந்தன.

அடுத்த பாடம் 1964 மார்ச்சில் வந்தது. மறுபடியும் பீக் டிஸ்ட்ரிக்ட். ஃபோர் இன்ஸ் என்ற நீண்ட தூர நடைப் போட்டி. சாரணர் இளைஞர்கள். மழையும் காற்றுமாக மாறிய அந்த நாளில் மூன்று பேர் செத்துப்போனார்கள். யாரும் பாறையிலிருந்து விழவில்லை. ஈரத் துணியும் காற்றும் சோர்வும்தான் கொன்றன. தேடுவதற்கு ஏராளமான பேர் வந்தார்கள். ஆனால் யார் எந்தப் பகுதியைப் பார்த்தார்கள் என்று ஒருங்கிணைக்க ஒரு அமைப்பு இல்லை. அந்த வருடமே பீக் டிஸ்ட்ரிக்ட் குழுக்கள் எல்லாம் ஒரே அமைப்பின் கீழ் வந்தன.

அந்த மரணங்களை ஆராய்ந்தவர் கிரிஃபித் பியூ, 1953 எவரெஸ்ட் குழுவோடு போன உடலியல் விஞ்ஞானி. ஈரமான உடை காற்றில் எவ்வளவு வேகமாகத் தன் வெப்பக் காப்பை இழக்கிறது, சோர்ந்த உடம்பு ஏன் அதை ஈடுகட்ட முடியாமல் போகிறது என்று அவர் சோதித்துக் காட்டினார். குளிரில் சாவதற்குப் பனிமலை தேவையில்லை, ஈரச் சட்டையும் காற்றும் போதும். இது நம்ம ஊட்டி, கொடைக்கானல் மழைக்கும் பொருந்தும்.

தேடுவது என்பதும் தூக்குவது மாதிரியே ஒரு தொழில் என்பது அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. பத்துப் பேர் வரிசையாக நடந்து தேடுகிற நிலத்தை, நல்ல பயிற்சி பெற்ற ஒரு நாய் காற்றில் வரும் மனித வாடையை வைத்துச் சீக்கிரம் அலசிவிடும். ஸ்காட்லாந்தின் கிளென்கோவைச் சேர்ந்த ஹேமிஷ் மெக்கின்ஸ் 1965இல் தேடல் நாய்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். மடக்கக்கூடிய உலோக ஸ்ட்ரெச்சர் ஒன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மறுபடியும் ஸ்ட்ரெச்சர்! இந்த வரலாற்றில் எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறார்.

இன்றைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐம்பதுக்கு நெருக்கமான குழுக்கள், சுமார் 3,500 தன்னார்வலர்கள். காணாமல் போனவரைத் தேடும் சட்டப் பொறுப்பு போலீஸுடையது. 999க்கு அழைத்தால் போலீஸ் இவர்களைக் கூப்பிடும். யாருக்கும் சம்பளம் கிடையாது, மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் கிடையாது. உண்டியல் குலுக்கித்தான் வண்டிக்கு டீசல் போடுகிறார்கள்.

நம்ம பக்கம்

இதை எழுதும்போது இரண்டு விஷயங்கள் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன.

ஒன்று, மார்ஃபின். உலகத்தில் சட்டப்படி அபின் பயிரிடும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற விவசாயிகள் விளைவிக்கிறார்கள். ஆனால் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு இங்கே படுவீழ்ச்சி அடைந்தது. ஒரே மருந்துக்குப் பல துறைகளின் உரிமம், சின்னத் தவறுக்கும் கடும் தண்டனை. மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கின. புற்றுநோய் வலியில் துடித்தவர்களுக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிய காலம் அது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல வருடங்கள் போராடினார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்தியாவசியப் போதை மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே நடைமுறை வந்தது. 1920க்கும் 1949க்கும் நடுவே ஹே மோதிய அதே சுவர்தான். நம்முடையதில் இருபத்தொன்பது வருடம் கழித்துத்தான் வாசல் வைத்தார்கள்.

இரண்டு, குரங்கணி. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடிக்கு மேலே. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். ராணுவ ஹெலிகாப்டர்கள் பின்னால் வந்தன. இருட்டில் முதலில் மேலே ஏறியவர்களில் அந்த மலையை அறிந்த உள்ளூர்க்காரர்கள் முக்கியமானவர்கள். தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கி இறக்கினார்கள்.

அந்தத் தூளியைப் பற்றிக் கேலியாக எதுவும் சொல்ல மாட்டேன். சாலை எட்டாத நம்முடைய மலைக் கிராமங்களில் பிரசவ வலி எடுத்த பெண்ணையும் பாம்பு கடித்த பிள்ளையையும் காலங்காலமாக இறக்கிக் கொண்டுவந்தது அதுதான். எந்தப் பாறையில் கால் வைக்கலாம், எங்கே தோள் மாற்றலாம் என்று சுமக்கிறவர்களுக்குத் தெரியும். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத அறிவு அது. 1928இல் லேடோ பாறையில் இருந்தவர்களைவிட இவர்கள் திறமையான சுமைகாரர்கள் என்றே சொல்வேன்.

ஆனால் தூளியில் உடம்பு வளையும். முதுகெலும்பு முறிந்திருந்தால், தொடை முறிந்திருந்தால் அந்த வளைவே கேடு. தீக்காயம் பட்டவருக்குப் போர்வை உரசுகிற ஒவ்வொரு அடியும் வேதனை. குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் வந்தன. மேலே யார் போகலாம், எந்தப் பாதையில், யார் அனுமதியோடு என்றெல்லாம். தேவையான விதிகள்தான். ஆனால் விபத்தை முழுக்கத் தடுக்கும் விதி என்று எந்த நாட்டிலும் இல்லை. அதனால் இறங்குவதைப் பற்றியும் அதே அளவுக்கு எழுத வேண்டும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. மலையேற்றப் பாதை தொடங்குகிற ஊரில் ஒரு நல்ல மடக்கு ஸ்ட்ரெச்சர், சிம்புகள், போர்வை, தலைவிளக்கு. அதைப் பயன்படுத்தத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் இருபது பேர், வருடத்துக்குச் சில நாள் பயிற்சி, அவர்களுக்குக் காப்பீடு. அடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தோடு ஒரு ஏற்பாடு, வலி மருந்து யார் கொடுப்பது என்பது உட்பட. 1930களில் ஓட்டல் அலமாரிகளில் வைத்த பெட்டியைவிட இது பெரிதாக ஒன்றும் இல்லை. வழி தெரிந்த கால்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

ஹேவிடம் எனக்குப் பிடித்தது அவருடைய துணிச்சல்கூட இல்லை. ஒரு காலை எடுத்துவிட்டு, “விதி, என்ன செய்ய முடியும்” என்று அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருக்கலாம். அறுவை மருத்துவருக்கு அது பழகிப்போன விஷயம். அவர் அதற்குப் பதிலாக, இந்தக் கால் என் மேஜைக்கு வருவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று பின்னோக்கிப் பார்த்தார். பாறை, மரப்பலகை, சேறு, மருந்தில்லாத பல மணி நேரம். அதில் பாறையை மட்டும்தான் மாற்ற முடியாது என்று கண்டுபிடித்தார். மீதியை மாற்ற அவருக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது, பத்து பவுண்டும் செலவானது.